வளையம் விழாத தட்டு

கிருமி வளர்த்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. லேபில் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள். அன்று காலை நான் கைக்கு ஒரு தட்டாக இரண்டு தட்டை ஏந்திக்கொண்டு ஓடினேன்.

வராந்தாவில் அப்போதுதான் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். "வழுக்கும்மா, பாத்துப் போங்க" என்று துடைக்கிற அம்மாள் பின்னால் கத்தியது காதில் விழுந்தது. நிற்கவில்லை. ஆண்கள் ஆபரேஷன் வார்டு வாசலில் டாக்டர் சாம்பசிவம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியின் சர்ஜன் அவர்தான்.

"டாக்டர், என் காகிதம் கெட்டுப் போகலை. உங்க வார்டுக் கிருமிதான் சாக மாட்டேங்குது" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

அவர் தட்டைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டிருந்தது.

"முதல்ல அதைக் கீழே வைம்மா. அப்புறம் சொல்லு" என்றார்.

ஆட்டு ரத்தமும் தளிகை உள்ளும்

ஐம்பதுகளின் கடைசி அது. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சி டவுனில் இருந்த ஒரு ஆஸ்பத்திரி லேபுக்கு நான் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே நடந்தது எங்கேயும் நடந்திருக்கும்.

லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரே ஒரு அறை, ஒரு மைக்ராஸ்கோப், கிருமியைச் சூட்டில் வைத்து வளர்க்க இன்குபேட்டர் என்கிற ஒரு பெட்டி, அப்புறம் ரங்கம் என்கிற நான். வாரம் ஒருமுறை பாலக்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆட்டு ரத்தம் கொண்டுவருவார். அது உறையாமல் இருக்க, கண்ணாடி மணிகள் போட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்கு குலுக்கு என்று குலுக்குவேன். கடல்பாசியைக் காய்ச்சி, ஆறும்போது அந்த ரத்தத்தைக் கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். புண்ணிலிருந்து எடுத்த சீழை அதன்மேல் தடவி வைத்தால் மறுநாள் கிருமி முளைத்திருக்கும்.

வீட்டில் இதெல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள். சாயங்காலம் வாசல் வழியாக நுழைந்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. "கொல்லை வழியா வாடி. கிணத்தடியிலே தீர்த்தமாடிட்டு வா. இப்படியே தளிகை உள்ளே வந்துடாதே" என்பாள். எங்கள் வீட்டில் சமையலறைக்குத் தளிகை உள் என்று பெயர். ஆனாலும் தட்டில் சாதம் விழுந்ததும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னிக்கு என்னடி வளர்த்தே?" என்று கேட்காமல் இருக்க மாட்டாள். ஒரு நாள் நான் சொல்ல மறந்தால் கோபித்துக்கொள்வாள்.

நான் அதிகமாக வளர்த்தது ஸ்டெபிலோகாக்கஸ். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் கொத்து. தட்டில் பார்த்தால் பொன் நிறத்தில் வட்டம் வட்டமாக மின்னும். கொப்புளம், பிளவை, ஆபரேஷன் புண்ணில் சீழ் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். எத்தனை பேரைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது என்று தெரிந்தும் அது எனக்கு அழகாகவே தெரிந்தது. இதை அம்மாவிடம் மட்டும் சொன்னதில்லை.

பஞ்சிங் மெஷின்

இந்தத் தொடரில் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். 'பென்சிலின் வந்த பிறகு சீழ் என்கிற பேச்சே இல்லாமல் போனதாமே, நீங்கள் ஏன் சீழைப் பற்றியே எழுதுகிறீர்கள்?' என்று. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. காபி குடித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

பென்சிலின் வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறை மிகச் சுலபம். வடிதாளில் சின்னச் சின்ன வட்டம் வெட்டி, மருந்தில் நனைத்துக் காயவைத்து, கிருமி தடவிய தட்டில் ஒட்ட வேண்டியதுதான். மருந்துக்கு அடங்குகிற கிருமியானால், மறுநாள் காகிதத்தைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் சுத்தமான ஒரு வளையம் விழுந்திருக்கும். அடங்காத கிருமி காகிதத்தின் விளிம்புவரை வந்து முளைத்து நிற்கும்.

காகிதத்தை வட்டமாக வெட்ட ஆபீஸ் கிளார்க்கிடம் பஞ்சிங் மெஷினை ஒரு நாளைக்கு என்று சொல்லி வாங்கினேன். நான் அந்த வேலையை விடுகிறவரை அது என் மேஜையில்தான் இருந்தது. அந்த மனிதர் அத்தனை வருடமும் ஃபைல்களை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்.

அந்த ஐப்பசியில் ஆபரேஷன் வார்டிலிருந்து வந்த தட்டு ஒன்றில்கூட வளையம் விழவில்லை. வரிசையாக ஒரு வாரம் இப்படி. டாக்டரிடம் காட்டியபோது, "உன் காகிதத்துல மருந்து செத்துப்போச்சு. புதுசா பண்ணு" என்றார். புதிதாகப் பண்ணினேன். அப்போதும் இல்லை. "உனக்கு நனைக்கத் தெரியலை" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து, காட்டூரிலிருந்து ஒரு ஸ்கூல் வாத்தியார் கழுத்தில் கொப்புளத்தோடு வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தார். எங்கள் வார்டுப் பக்கமே வராதவர். அவருடைய சீழை ஒரு தட்டில் தடவினேன். வார்டுச் சீழை இன்னொரு தட்டில். இரண்டிலும் ஒரே காகிதம், ஒரே நாள் நனைத்தது.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். வாத்தியார் தட்டில் காகிதத்தைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வளையம். வார்டுத் தட்டில் ஒன்றுமே இல்லை. என் காகிதம் சாகவில்லை. அதாவது வார்டுக்குள் வேறொரு கிருமி இருக்கிறது, பென்சிலினைக் கண்டு பயப்படாத கிருமி. எனக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பு கழன்றது அப்போதுதான்.

தாவூத் பாயின் கை

நான் அப்படி ஓடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வார்டுத் தட்டில் இருந்தது தாவூத் பாயின் சீழ்.

செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறவர் அவர். கடுகளவு கல்லை அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டி, சுழலுகிற சக்கரத்தில் பிடித்துப் பட்டை பட்டையாகத் தீட்ட வேண்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொஞ்சம் பிசகினால் கல் பாழ். அந்தச் சுட்டுவிரலின் அடியில் ஏதோ சில்லு ஏறி வீங்கியிருந்தது. டாக்டர் கீறிச் சுத்தம் செய்தார். அப்போது நான் போட்ட தட்டில் கிருமி ஒன்றும் முளைக்கவில்லை. வார்டில் படுத்த நாலாம் நாள்தான் சீழ் வைத்தது. பென்சிலினைக் கூட்டினார்கள். சீழும் கூடியது.

திங்கட்கிழமை விரலை எடுத்துவிடலாம், விட்டால் கையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் தட்டோடு ஓடியது வியாழக்கிழமை.

முந்தின நாள் சீழ் எடுக்கப் போனபோது பாய் என்னிடம் கேட்டார். "அம்மா, இடது கையால பட்டை பிடிக்க முடியுமான்னு நேத்து சும்மா நினைச்சுப் பாத்தேன். பதினாலு வயசுல சக்கரத்துக்கு முன்னாடி உக்காந்தவன் நான். இனிமே அது வருமா?"

பஞ்சைக் குழாயில் போட்டு மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வராந்தாவில் டாக்டர் சாம்பசிவம் இரண்டு தட்டையும் வெளிச்சத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தப்பை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும் அவருக்கு. ஒப்புக்கொண்டால் முழுசாக ஒப்புக்கொள்வார்.

"காகிதத்தைச் சொன்னேன். உன்னைச் சொன்னேன். என் வார்டைச் சொல்லலை, பாரு" என்றார். பிறகு, "வேற எதுக்காவது சாகுதா?" என்று கேட்டார்.

அவர் அலமாரியில் மருந்துக் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன சாம்பிள் மாத்திரைகள் இருந்தன. எரித்ரோமைசின் என்று ஒரு புது மருந்து. அதில் ஒன்றைப் பொடித்துக் கரைத்துக் காகிதத்தை நனைத்தேன். வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தேன். பாயின் கிருமி நடுவே, அந்தக் காகிதத்தைச் சுற்றி, பளிச்சென்று ஒரு பெரிய வளையம். நான் தனியாக நின்று கைதட்டினேன். யாராவது பார்த்திருந்தால் என்னையும் ஒரு வார்டில் சேர்த்திருப்பார்கள்.

டாக்டர் மெட்ராஸில் இருந்த மருந்துக் கம்பெனிக்குப் போனில் டிரங்கால் போட்டார். மறுநாள் ரயிலில் ஒரு பாட்டில் மாத்திரை வந்தது. அது ஒருவருக்குத்தான் போதும். "ஒரு வாரம் தரேன் பாய். அதுவரைக்கும் கத்தியை எடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

சளி பாட்டில்

மருந்து கிடைத்துவிட்டது. அந்தக் கிருமி வார்டுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

டாக்டருக்கு மூக்கின்மேல் சந்தேகம். ஸ்டெபிலோகாக்கஸ் மனிதர் மூக்கில் சத்தம் போடாமல் குடியிருக்கும். மூக்கைத் தொட்ட கை புண்ணைத் தொட்டால் போதும். வார்டில் வேலை செய்கிற எல்லோருடைய மூக்கிலும் பஞ்சு விட்டு எடுக்கச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்க, வெளிநோயாளிப் பிரிவு ஆட்கள் மூக்கிலும் எடுத்தேன். எல்லோரும் தும்மினார்கள். அந்தச் சனிக்கிழமைபோல நான் சிரித்த நாள் குறைவு.

திங்கட்கிழமை தட்டுகளைப் பரப்பிவைத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வெளிநோயாளிப் பிரிவு ஆட்களின் கிருமிக்கெல்லாம் பென்சிலின் காகிதத்தைச் சுற்றி வளையம் விழுந்திருந்தது. வார்டு ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இல்லை. சிஸ்டர் ரெஜினா தட்டிலும் இல்லை. பழக்கதோஷத்தில் என் மூக்கிலும் எடுத்திருந்தேன். என்னுடையதிலும் இல்லை.

சிஸ்டர் ரெஜினாதான் அந்த வார்டின் தலைமை நர்ஸ். மேலப்புதூர்க்காரர். அவர் வார்டில் ஒரு சொட்டு மருந்து வீணாகாது. பென்சிலின் குப்பியில் ஊசி போட்டது போக அடியில் கொஞ்சம் தங்குமல்லவா? அதையெல்லாம் தண்ணீர் விட்டு அலசி ஒரு சின்ன பாட்டிலில் சேர்த்து, தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமணலில் குளிர்ச்சியாகப் புதைத்து வைத்திருப்பார். ஐப்பசி வந்தால் வார்டில் ஆளுக்கு ஆள் சளி. நர்ஸ், ஆயா, வார்டு பாய், யார் தும்மினாலும், "இங்க வா பிள்ளை, தலையைத் தூக்கு" என்று மூக்கில் இரண்டு சொட்டு விடுவார். சளி பாட்டில் என்றே அதற்குப் பெயர். நானும் மழையில் நனைந்து வந்து எத்தனையோ தரம் தலையைத் தூக்கியிருக்கிறேன். அம்மாவின் சுக்குக் கஷாயத்தைவிட அது நல்லது என்று நினைத்தேன்.

தட்டுகளை அவருக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவரே லேபுக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு தட்டிலும் எழுதியிருந்த பெயரைப் படித்தார். ஒரு தரம் படித்தார். மறுபடி படித்தார்.

"வளையம் இருக்கிறவங்க யாருக்கும் நான் சொட்டு விட்டதில்லை, ரங்கம்" என்றார்.

நான் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. பானைக்கு அடியில் நாள் கணக்கில் கிடந்து வீரியம் குறைந்த மருந்து, மூக்கில் இருந்த அப்பாவிக் கிருமிகளை மட்டும் கொன்றிருக்கிறது. அதைத் தாங்கிய முரட்டுக் கிருமிக்கு வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்திருக்கிறது. நாங்கள் அதைச் சுமந்துகொண்டு கட்டில் கட்டிலாகப் போயிருக்கிறோம்.

"பாய் புண்ணை தினமும் நான்தானே கட்டினேன்" என்றார் சிஸ்டர்.

"நானும்தான் சிஸ்டர் பஞ்சு வச்சு எடுத்தேன். யார் மூக்குலேர்ந்து போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"தெரிய வேணாம்" என்றார். வார்டுக்குப் போய்ப் பாட்டிலை மணலிலிருந்து தோண்டி எடுத்து, கிருமி கொல்லும் லைசால் வாளியில் போட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவரும் நானும் வார்டில் நாலு மடிப்புத் துணியால் முகமூடி கட்டிக்கொண்டோம். மூக்கில் அந்தக் கிருமி இருந்தவர்கள் யாரும் புண்ணைத் தொடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார். வேறு இடத்திலிருந்து புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள்.

ஆறாம் நாள்

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாளே பாயின் வீக்கம் வடிந்தது. வலி இல்லை என்றார். நான் காவிரிப் பாலத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன்.

ஆறாம் நாள் மறுபடியும் சீழ்.

புது மருந்தையும் இந்தக் கிருமி ஜெயித்துவிட்டதா? அப்படியானால் விரலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் சொல்லி வைத்துவிட்டார். "உன் தட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்று மட்டும் சொன்னார்.

ஏழாம் நாள் காலை பெட்டியைத் திறந்தேன். வளையம் இருந்தது. முதல் நாள் இருந்த அதே அகலத்துக்கு இருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை.

கிருமி இன்னும் மருந்துக்குச் சாகிறது. அப்படியிருந்தும் பாயின் கையில் சாகவில்லை. அப்படியென்றால் மருந்து பாயின் கைக்கே போய்ச் சேரவில்லை. இது மண்டையில் ஏறியதும் நான் இன்னொரு முறை ஓடினேன். இந்தத் தடவை கையில் தட்டு இல்லை.

வாசலில் நின்ற சிஸ்டர் ரெஜினாவிடம் சொன்னேன். அவர் புது நர்ஸைக் கூப்பிட்டு, "மாத்திரையை எப்படிக் கொடுக்கிறே?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு உண்டான நாலையும் காலையிலேயே காகிதத்தில் மடித்துத் தலைமாட்டில் வைத்துவிடுவதாக அவள் சொன்னாள். சிஸ்டர் நேரே பாயின் கட்டிலுக்குப் போய் நின்றார்.

"பாய், பொய் சொல்லாம சொல்லுங்க. நேத்து எத்தனை மாத்திரை சாப்பிட்டீங்க?"

பாய் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அங்கே முத்துக்கருப்பன் படுத்திருந்தார். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர். அவர் புண்ணிலும் சீழ். மேலோடு இருந்ததால் துணி மாற்றினால் போதும் என்று விட்டிருந்தார்கள்.

"ரெண்டு" என்றார் பாய். "எனக்கு மூணாம் நாளே வலி போயிடுச்சு சிஸ்டர். இவரு விடிய விடிய முனகுறாரு. எனக்கு மட்டும் மெட்ராஸ்லேர்ந்து மாத்திரை வருது, இவருக்கு வெறும் துணி. அது எப்படிங்க தொண்டையில இறங்கும்? அதான் ஆளுக்கு ரெண்டா..."

"நான் வேணாம்னுதாங்க சொன்னேன்" என்றார் முத்துக்கருப்பன். அவர் கண் கலங்கிவிட்டது.

புது நர்ஸ் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். சிஸ்டர் திட்டப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். அவர் பாயின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வார்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இந்தத் தப்பை உங்களுக்கு முன்னாடி நான் பண்ணிட்டேன் பாய்" என்றார். "கொஞ்சம் கொஞ்சமா எல்லாருக்கும் கொடுத்தேன். அதுலதான் உங்க கை இப்படி ஆச்சு. அரை வயித்து மருந்து அந்தக் கிருமிக்குத்தான் நல்லது. உங்க பங்கை நீங்க முழுசா சாப்பிடணும். இவருக்கும் முழுசா வரும், அதுக்கு நான் ஆச்சு."

பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டர்கிட்ட போய் இன்னொரு பாட்டிலுக்குச் சொல்லு, ஓடு" என்றார். ஓடு என்று அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு உத்தரவு கிடைத்தது அந்த ஒரு தரம்தான்.

டாக்டர் தியேட்டரில் சொன்னதை வாபஸ் வாங்கினார். மெட்ராஸிலிருந்து இரண்டு பாட்டில் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வேளையும் சிஸ்டர் ரெஜினா கட்டிலருகே நின்று, ஒருவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டியபிறகுதான் அடுத்தவரிடம் போவார். நானும் இரண்டு நாளைக்கு ஒருமுறை தட்டு போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு நாள் பாயின் தட்டில் எதுவுமே முளைக்கவில்லை. வெறும் சிவப்புத் தட்டு. அதைக் கழுவ மனசில்லாமல் சாயங்காலம்வரை மேஜைமேல் வைத்திருந்தேன்.

கட்டைப் பிரித்த காலை, டாக்டர் ட்ரேயில் ஒரு குண்டூசியைப் போட்டு, "எடுங்க பாய்" என்றார்.

பாய் கையை நீட்டினார். சுட்டுவிரல் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. முதல் தரம் ஊசி நழுவியது. இரண்டாம் தரமும் நழுவியது. முத்துக்கருப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் தரம் பாய் அதை இரண்டு விரலுக்கும் நடுவில் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

சிஸ்டர் ரெஜினாவின் முகமூடி கண்ணீரில் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது. நனைந்த துணி கிருமியைத் தடுக்காது. "சிஸ்டர், போய் வேற மாத்திக்குங்க" என்று அதட்டினேன்.

"உன்னோடதையும் மாத்து" என்றார் அவர்.